நட்டுக்குத்தாய்த் தைத்த கொடி

ஐப்பசியில் முதலியார்பேட்டைத் தெருவுக்குள் கேட்கிற சத்தம் ரெண்டே ரெண்டுதான். ஒன்று மழை. இன்னொன்று தீபாவளிக்குத் துணி வாங்க வாருங்கள் என்று தமுக்கடித்துக்கொண்டு வருகிற ஜட்கா வண்டி. ஐம்பத்தெட்டாம் வருஷம் அக்டோபர் கடைசித் தேதியன்று ரெண்டும் சேர்ந்தே வந்தன. தூறலில் நனைந்த குதிரை தலையை ஆட்டிக்கொண்டு வர, வண்டிக்குள் இருந்தவன் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்தினான்.

"நாளைக்கு நவம்பர் ஒண்ணு! பிரெஞ்சுக்காரன் நம்ம ஊர உட்டுப் போன விடுதலை நாள்! சக்கரபாணி ஜவுளி மாளிகையில் விடுதலை நாள் மலிவு! ரூபாய்க்கு ரெண்டணா தள்ளுபடி! தியாகி பக்கிரி ரத்தம் சிந்திய கொடியை நேரில் தரிசிக்கலாம்! தரிசிக்கிறவங்களுக்கு ஜாக்கெட்டுத் துணியில் தனித் தள்ளுபடி!"

வீட்டுக்குள்ளே சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்த அஞ்சலாட்சியின் கை அப்படியே நின்றது. பக்கிரி அவள் புருஷன். செத்து நாலு வருஷம் ஆகிறது.

வாசலில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள். பக்கிரிக்கு அக்காள் அவள். புருஷனை வாரிக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள். தம்பியையும் கொடுத்துவிட்டுத் தம்பி பெண்டாட்டியோடு கிடக்கிறவள். நாக்கு அரம்.

"ஏண்டி, நம்ம பக்கிரியையா கூவிக்கிட்டுப் போறான்?"

"ஆமா அண்ணி."

"நீ கொடிய மில்லு வாசல் கூட்டத்துக்குத்தானே குடுத்த?"

"இராமதாஸ் அண்ணன் அப்பிடித்தான் சொன்னாரு. 'மேடையில வெச்சி நாலு தொழிலாளி கும்புடணும் தங்கச்சி, ஒண்ணாந்தேதி படையலுக்குள்ள நானே கொண்டாந்து குடுத்துடறேன்'னாரு."

"அவன் இப்ப மில்லுலயா இருக்கான்? ஜவுளிக்கடையில மேற்பார்வை. அடுத்த எலெக்சன்ல முனிசிபாலிட்டிக்கு நிக்கப் போறானாம். சக்கரபாணிதான் நிக்க வெக்கிறானாம். துணிக்காரன் கையில கொடிய குடுத்தா என்னா பண்ணுவான்? முழம் போட்டு விப்பான்!"

"அண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டாரு. இவன் என்னமோ கத்திட்டுப் போறான்."

அஞ்சலாட்சி இப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இராமதாசைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பாவம். பக்கிரிக்குப் பக்கத்தில் கடைசி வரைக்கும் நின்ற ஒரே ஆள் அவன்தான் என்று அவள் நம்பியிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் படையல் முடிந்ததும் முதல் இலை அவனுக்குத்தான் போடுவாள். கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூட அவள் அப்படிப் பரிமாறியதில்லை.

பக்கிரிக்குப் படம் கிடையாது. நெசவு மில்லில் தறி ஓட்டியவன் எங்கே போய்ப் படம் பிடித்துக்கொள்வான்? கல்யாணத்தில்கூடப் பிடிக்கவில்லை. அவன் முகம் என்று அந்த வீட்டில் மிஞ்சியது கொடி ஒன்றுதான். அதைச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, அதற்கு எதிரே இலை போடுவாள். செத்தது சித்திரையில். சின்னப்பொண்ணு திதி பார்த்துக் கும்பிடச் சொல்லி முதல் வருஷம் குதித்தாள். அஞ்சலாட்சி மசியவில்லை. "அவரு எந்த நாளுக்காவப் போனாரோ அந்த நாளுதான் அவரு நாளு" என்றுவிட்டாள். அன்று முதல் நவம்பர் ஒண்ணாந்தேதிதான் படையல். ஊருக்கு அது கொடியும் மிட்டாயும். அவளுக்கு அது கருவாட்டுக் குழம்பும் கண்ணீரும்.

அந்தக் கொடியைத் தைத்தவள் அவளேதான். அதில்தான் இருந்தது வினை.

ஐம்பத்துநாலு சித்திரையில் ஒரு நாள் பக்கிரி வேலை விட்டு வந்து, "நாளைக்கு விடியறதுக்குள்ள மில்லு வாசக் கம்பத்துல நம்ம கொடி ஏறணும். ஒண்ணு தச்சிக் குடு" என்றான். கடையில் வாங்கினால் பிரெஞ்சுப் போலீசு கொமிசேரின் ஆட்கள் மோப்பம் பிடிப்பார்கள். பழனிக்குப் போட்ட காவி வேட்டி வீட்டில் இருந்தது. மில்லில் கொடுத்த வெள்ளைக் காடாத் துணி இருந்தது. பச்சைக்குத் தன் பாவாடையைக் கிழித்தாள். ஆனால் கொடியை எப்படித் தைப்பது? பிறந்ததிலிருந்து அவள் பார்த்த கொடி ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில், போலீசுக் கச்சேரியில், துவான் என்கிற சுங்கச்சாவடியில் பறந்த பிரெஞ்சுக் கொடி. அதில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் கம்பத்தோடு கம்பமாக நட்டுக்குத்தாய் நிற்கும். கொடி என்றால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். ரெண்டு முழ நீளம், ஒரு முழ அகலத்தில் மூன்று துண்டு கிழித்து, காவி, வெள்ளை, பச்சை என்று நிற்க வைத்து மூட்டிவிட்டாள். நடுவில் நீல நூலால் மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்று. வண்டிக்குப் பன்னிரண்டு ஆரக்கால், அதனால் இதற்கும் பன்னிரண்டு. பக்கிரி இருட்டில் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனான். அவனும் பார்க்கவில்லை.

விடிந்ததும் தகவல் வந்தது. பிரெஞ்சுக்காரன் ஏவிய அடியாட்கள் கட்டையால் அடித்துப் போட்டுவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். தாடை நொறுங்கி, வாயைச் சுற்றிக் கட்டு. பேச்சில்லை. கொடியை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தான். காவியிலும் வெள்ளையிலுமாக மூட்டின இடத்தில் ரத்தம் ஊறியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இராமதாஸ்தான் கொடியைப் பிரித்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யோ தங்கச்சி, இப்பிடித் தச்சிட்டியே! கொடி மேல ஏறி விரிஞ்சதும் வேலைக்கு வந்த ஆளுங்க சிரிச்சிட்டாங்க. 'டேய், இது நம்ம கொடியா, பிரெஞ்சுக் கொடிக்குச் சாயம் போட்டதா'ன்னு கேட்டாங்க. பக்கிரிக்கு ரோசம். எறக்கித் திருப்பிக் கட்டிட்டுத்தான் வருவேன்னு நின்னுட்டான். அந்த நேரத்துலதான் வந்து வளைச்சிக்கிட்டானுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம்."

பக்கிரி கையைத் தூக்கி, இல்லை இல்லை என்று ஆட்டினான். அவளை வையாதே என்று சொல்கிறான் என நினைத்து அஞ்சலாட்சி இன்னும் அழுதாள். என் தையல்தான் என் புருஷனைக் கொன்றது என்ற எண்ணம் அன்றைக்கு உள்ளே போனது. போனது போனதுதான். சின்னப்பொண்ணுவும் அதை ஆற விடவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "நட்டுக்குத்தா கொடி தச்சவளுக்கு உப்பு எங்க தெரியும்?" என்பாள்.

ஒண்ணாந்தேதி காலையில் தூறல் விட்டிருந்தது. மில்லுக்கு லீவு. புருஷன் போன பிறகு அதே மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் நின்று நின்று வீங்கிய காலோடு அஞ்சலாட்சி முதலில் மில் வாசலுக்குத்தான் போனாள். அங்கே மேடையும் இல்லை, ஆளும் இல்லை. கம்பத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்கு மேலும் இராமதாசுக்காகப் பரிந்து பேச அவளிடம் ஒன்றும் இல்லை. மார்க்கெட்டுப் பக்கம் நடந்தாள். மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால் பூக்கடைகளில் கூட்டம் நெரிந்தது. செத்தவர்களுக்குப் பூ வாங்குகிற சனங்கள் ஒரு பக்கம், உயிரோடு இருப்பவர்களுக்குத் துணி வாங்குகிற சனங்கள் ஒரு பக்கம்.

சக்கரபாணி ஜவுளி மாளிகை வாசலில் வாழைமரம், பந்தல், மேடை, ஒலிபெருக்கி. உள்ளே நுழைந்ததும் கண்ணாடி அலமாரி. அதற்குள் நைலான் புடவை கட்டிய மரப்பொம்மை ஒன்று. அதன் பக்கத்தில் மாலை போட்ட கொடி. 'தியாகி பக்கிரியும் திரு. இராமதாசும் ஏற்றிய வீரக்கொடி' என்று அட்டை. அதற்குக் கீழேயே 'நைலான் புடவை தள்ளுபடி போக இருபத்தெட்டு ரூபாய்' என்று இன்னொரு அட்டை.

அஞ்சலாட்சி முதலில், அப்பாடா, இது நம் கொடி இல்லை என்று நினைத்தாள். இதில் காவி மேலே, வெள்ளை நடுவே, பச்சை கீழே. எல்லாம் படுக்கைக் கோடு. மிஷின் தையல். இருபத்துநாலு ஆரம் அச்சடித்த சக்கரம். ரத்தக் கறை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. ஊரை ஏமாற்ற வேறு கொடியை வைத்திருக்கிறார்கள், நம்முடையது பத்திரமாக இருக்கும் என்று திரும்பப் போனவள், காவியின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொத்தலைப் பார்த்தாள். பழனியில் சூடம் பட்டு எரிந்த பொத்தல். துணி அவளுடையதுதான்.

"ஏம்மா, பாத்தாச்சின்னா நகரு. பின்னால ஆளு நிக்கிறாங்க" என்றான் கடைப்பையன்.

"இத யாரு தச்சது?"

"நம்ம தையக்காரரு. பக்கவாட்டு நடையில இருப்பாரு. ஜாக்கெட்டு தைக்கணுமா?"

நடையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மண்ணாங்கட்டி. அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு, மறு பக்கம் நூல். தீபாவளிச் சட்டைகள் அவரைச் சுற்றிக் குவிந்து கிடந்தன.

"பொட்டிக்குள்ள இருக்கிற கொடிய நீங்கதான் தச்சீங்களாய்யா?"

"ஆமாம்மா. நல்லா வந்திருக்குல்ல? அத ஏன் கேக்குற, கொண்டாந்து குடுத்தப்ப பாக்கணுமே! நட்டுக்குத்தா நிக்கிது மூணு வர்ணமும். எந்தக் கழுதை தச்சுதோ! மொதலாளி பாத்துட்டு, இத வெச்சா சனம் சிரிக்கும், சரி பண்ணுன்னாரு. இராமதாசும் ஆமாம்னான். பிரிச்சி, ஒவ்வொரு துண்டையும் பாதி அகலத்துக்குக் கத்திரிச்சி, படுக்கப் போட்டுத் தச்சேன். கறை புடிச்ச பாதியத் தள்ளிட்டேன். நல்ல நாளும் அதுவுமா அழுக்கு எதுக்கு?"

"அந்தக் கழுதை நாந்தாய்யா."

மண்ணாங்கட்டியின் கால் மிதியிலிருந்து எழுந்தது.

"நீ... பக்கிரி பொஞ்சாதியா?"

"ஆமா. அது அழுக்கு இல்ல. அவரு ரத்தம்."

"அடக் கடவுளே! எனுக்குச் சொல்லலியேம்மா. ரத்தம் சிந்தின கொடின்னு வண்டியில கூவினதெல்லாம் யாவாரப் பேச்சுன்னு இல்ல நெனச்சேன்? துரு, இல்லாட்டி சாயம்னு வெட்டிட்டேனே! இந்தக் கையில புழு வெக்க!"

அஞ்சலாட்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. "உங்க மேல தப்பில்லய்யா. எல்லாம் என்னால வந்தது. நான் ஒழுங்காத் தச்சிருந்தா சனம் சிரிச்சிருக்காது. அவரும் எறக்கித் திருப்பிக் கட்ட நின்னிருக்க மாட்டாரு."

"யாரு சிரிச்சா?"

"மில்லு ஆளுங்க. கொடி விரிஞ்சதும்."

மண்ணாங்கட்டி கண்ணாடியைக் கழற்றினார். "இந்தாம்மா, அப்ப எந் தையக்கடை மில்லு வாசலுக்கு நேர் எதிர்க்க. பலகைக்குள்ள படுத்திருந்தவன் இடுக்குல எல்லாத்தையும் பாத்தேன். அங்க ஆளே இல்ல. இன்னும் சங்கு ஊதல. யாரு சிரிக்கிறது? கொடி விரியவே இல்லம்மா. கயிறு பாதியில சிக்கிக்கிச்சி. ஒருத்தன் கம்பத்துல ஏறிச் சிக்கெடுத்தான், கீழ ஒருத்தன் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னான். அடியாளுங்க தெருமுனையில திரும்புறதப் பாத்ததும் கீழ நின்னவன் கயித்த உட்டுட்டு ஓடிட்டான். ஒரு சத்தங்கூடக் குடுக்கல. மேல இருந்தவனுக்குப் பின்னால வர்றது எப்பிடித் தெரியும்? கொடி மடிச்ச மடிப்போட அவன் மேலதான் விழுந்துது. அது நட்டுக்குத்தா இருந்தா என்னா, படுக்க இருந்தா என்னா? கொடி விரிஞ்சதக் கண்ணால கண்டவன் ஒருத்தனும் இல்ல."

"கீழ நின்னது யாரு?"

"இருட்டு. மொகம் தெரியல" என்றார் மண்ணாங்கட்டி. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவர் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. போனவர்கள் ரெண்டே பேர் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒலிபெருக்கியில் இராமதாசின் குரல் வந்தது. "கொடி மேல போயி காத்துல விரிஞ்சுது. நானும் பக்கிரியும் அண்ணாந்து பாத்தோம். அவன் கண்ணுல தண்ணி. என் கண்ணுல தண்ணி..." கூட்டம் கை தட்டியது. அடுத்துக் கடைக்காரர் சக்கரபாணி பேசினார். தியாகியின் துணைவியாருக்கு நம் கடையின் சார்பில் ஒரு புடவை, அம்மா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பக்கிரி கையை ஆட்டியது அஞ்சலாட்சிக்கு ஞாபகம் வந்தது. இல்லை இல்லை என்றானே, அது இதற்குத்தானா? வாய் கட்டிக் கிடந்தவனுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு ஒருத்தன் பொய் சொல்லியிருக்கிறான். அதை மறுக்க அவன் கையை ஆட்டியிருக்கிறான். பாவி நான், அதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையே என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"வெட்டின பாதிய என்னா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

மண்ணாங்கட்டி கத்தரித் துண்டுகள் கிடந்த சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ரெண்டு பேருமாகத் தேடினார்கள். காவிப் பாதி கிடைத்தது. வெள்ளைப் பாதி, கிழிந்த சட்டைக் காலர்களுக்கு நடுவே கிடைத்தது. பன்னிரண்டு ஆரச் சக்கரத்தில் ஆறு ஆரம் அதில் இருந்தது. பச்சைப் பாதியை மிஷினுக்கு எண்ணெய் துடைக்க வைத்திருந்தார். அதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக வெளியே வந்தாள். ஒலிபெருக்கி இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. சின்னப்பொண்ணு வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து வந்த மூன்று கந்தலைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் சொன்னனா இல்லியா? குடுக்காதடின்னு சொன்னனா? என் தம்பிய நாறு நாறாக் கிழிச்சிக் குடுத்தனுப்பியிருக்கானே! படையலுக்கு எத மாட்டுவ இப்ப?"

அஞ்சலாட்சி ஊசியில் நூலைக் கோத்தாள். தைத்துக்கொண்டே தையற்காரர் சொன்னதைச் சொன்னாள். கோபமே இல்லாமல், ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்னப்பொண்ணுவின் கையிலிருந்த மாவு சட்டியிலேயே விழுந்தது. மாவுக் கையாலேயே தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

"இந்த வாயி! நாலு வருசமா உன்ன என்னா சொல்லு சொன்னேன்டி இந்த வாயால! உப்புக்கும் புளிக்கும் உன்னக் கொலகாரின்னேனே!"

"உடுங்க அண்ணி. நானே அப்பிடித்தானே நெனச்சிக்கிட்டிருந்தேன்."

காவித் துண்டையும் வெள்ளைத் துண்டையும் அஞ்சலாட்சி நிற்க வைத்துச் சேர்த்தாள். காவியிலிருந்த கறையின் ஓரம் வெள்ளையிலிருந்த கறையின் ஓரத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். ரெண்டு முறை பிரித்துத் தைத்தாள். மூன்றாம் முறை பொருந்தியது. எண்ணெய்ப் பச்சையையும் சேர்த்தாள். ஒல்லியாக, உயரமாக ஒரு கொடி வந்தது. சுவரில் மாட்டிப் பொட்டு வைத்தாள்.

உச்சிப்பொழுதில் இராமதாஸ் வந்தான். கதர்ச் சட்டை, கழுத்தில் மாலை போட்ட ஈரம், கையில் புடவைப் பொட்டலம், லட்டு. வழக்கமான நேரம். வழக்கமான பசி.

"என்னா தங்கச்சி, மேடைக்கு வராம போயிட்டியே! மொதலாளி மூணு வாட்டி கூப்புட்டாரு. கொடிய ரெண்டு நாள் கழிச்சிக் குடுக்கலாம்னாரு, தீபாவளி யாவாரம் போவுதாம். நான் பேசி வாங்கித் தர்றேன். பசி உயிரு போவுது. இலைய போடு."

பழக்க தோஷத்தில் சின்னப்பொண்ணு ரெண்டு இலை போட்டிருந்தாள். பக்கிரிக்கு ஒன்று, பக்கத்தில் இராமதாசுக்கு ஒன்று.

அஞ்சலாட்சி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அன்னிக்குக் கொடி விரிஞ்சிதாண்ணே?"

"எந்தக் கொடி?"

"மில்லு வாசல்ல. விரிஞ்சிதா?"

இராமதாசுக்கு முகம் செத்தது. உள்ளே சுவரில் நின்ற கொடியை அவன் பார்த்தான்.

"பயந்துட்டேன் அஞ்சலாட்சி. ரெண்டும் பொட்டைப் புள்ளைங்க வீட்டுல. அவனுங்க கையில கட்டை இருந்திச்சி. காலு தானா ஓடிடிச்சி. சத்தியமா, நெனச்சிச் செய்யல."

"பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. அவருக்கும் பயந்தான். முந்தின ராத்திரி பூரா தூங்கல. ஓடினது ஓடினீங்க. பழிய எதுக்கு எந் தையல்ல வெச்சிட்டுப் போனீங்க?"

அவன் பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்தான்.

"வருசா வருசம் அவரு பக்கத்துல உக்காந்து சாப்புட்டீங்களே. ஒரு வாட்டி சொல்லியிருக்கலாமே, 'உன்னால இல்ல தங்கச்சி'ன்னு. கொடிய நீங்க வெட்டிக்கினு போங்க, வித்துக்கினு போங்க. நாலு வருசம் நான் ஊசியத் தொடவே நடுங்கிக்கிட்டிருந்தேனே, அத எந்தக் கடையில போயி வாங்கிட்டு வருவீங்க?"

இராமதாசின் கண்ணில் தண்ணீர் வந்தது. காலையில் மேடையில் சொன்ன தண்ணீர் இல்லை, நிஜத் தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுகிறவனைப் போல, "மறுபடியும் நட்டுக்குத்தாவே தச்சிருக்கியே" என்றான்.

"ஆமா. போன வாட்டி தெரியாமத் தச்சேன். இந்த வாட்டி தெரிஞ்சே தச்சேன். நீங்க ஊருக்குக் காட்டுறது உங்களோடவே இருக்கட்டும். இது எங்க வீட்டுக் கொடி."

அவள் திரும்பி, "அண்ணி, அந்த ரெண்டாவது இலைய எடுத்துடுங்க" என்றாள்.

சின்னப்பொண்ணு இலையை எடுத்து நாலாய் மடித்தாள். இராமதாஸ் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கினான். தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் தள்ளுபடி மூன்றணா ஆகியிருந்தது.

அஞ்சலாட்சி ஒரு பிடி சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, கொல்லையில் மதில் மேல் வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிட்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் நடுங்கவில்லை.